பொம்பளைக் கை

இதற்குத் தெரிந்துவிட்டதோ? நான் உள்ளுக்குள் நினைப்பதெல்லாம் கை வழியாக இறங்கி இதற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறதோ? இல்லையென்றால், மெதுவாகப் போக வேண்டும் என்று நான் பிடித்திருக்கிற இடத்தில் இது ஏன் பாய வேண்டும்?

நந்தா ஆட்டோ ஏஜென்சியின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து வள்ளித்தாய் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஸ்டாண்டில் நின்றது அவளுடைய மொபெட். பக்கத்தில் குத்தவைத்திருந்த ஹெட் மெக்கானிக் கருத்தையா ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, இன்ஜின் சத்தத்தைக் கச்சேரி கேட்கிறவனைப் போலக் கேட்டான். மெட்ராசில் கம்பெனிக்காரர்கள் நடத்திய பயிற்சிக்குப் போய்வந்தவன். அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, முதலாளி நந்தகோபாலின் தலைக்கு மேலே, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தார்கள். காலையில் கடை திறந்ததும் சாமிகளுக்குக் காட்டுகிற ஊதுபத்தியில் அதற்கும் ஒரு சுற்று கிடைத்தது.

"சத்தத்துல ஒரு குறையும் இல்ல" என்றான் கருத்தையா. பிறகு குரலைத் தாழ்த்தி, "யக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கக் கூடாது. வண்டி பாயுதப்ப நீங்க மனசுல என்ன நெனைச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டான்.

"எப்ப?"

"பாயுததுக்குக் கொஞ்சம் முன்னால."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அது பொய்.

வள்ளித்தாய் ஒன்றிய அலுவலகத்தில் கிராம சேவிகா. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், இடப்பக்கமாகப் பிரிகிற வண்டிப்பாதைகளில் இருந்தன அவளுடைய ஊர்கள். பஸ் காலையில் ஒரு தடவை வரும், சாயங்காலம் வந்தாலும் வரும். மெயின் ரோட்டில் இறங்கிக் கரிசலில் நடந்து நடந்து அவள் செருப்புகளின் ஆயுசு முடிந்தது. சர்க்கார் கடனில் மொபெட் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தபோது, அலுவலகத்தில் முதல் ஆளாக அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ஏஜென்சியில் வண்டி எடுத்த முதல் பெண்ணும் அவள்தான். மற்ற சேவிகாக்கள், அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுத் தாங்களும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

வண்டியில் ஏறிய நாளிலிருந்து அவளுக்கு ஒரு நினைப்பு. ரோடு நேராகக் கிடக்கும். இரண்டு பக்கமும் பருத்தியும் மிளகாயும். காது நிறையக் காற்று. திரும்ப வேண்டிய இடம் தூரத்தில் தெரியும்போது, திரும்பாமல் இருந்தால் என்ன என்று தோன்றும். எட்டயபுரம் தாண்டி, அந்தப் பக்கம் தூத்துக்குடி வரைக்கும் இப்படியே போய், கடலைப் பார்த்துவிட்டு வந்தால் யார் என்ன செய்வார்கள். இதை நினைத்து, நினைத்ததற்கு வெட்கப்பட்டு, அவள் ஹேண்டிலை ஊர்ப்பக்கம் திருப்புவாள். சரியாக அந்த நேரத்தில் வண்டி அலறிக்கொண்டு பாயும்.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதும் அப்படித்தான். ஊர் வேலை முடிந்து மறுபடி ரோட்டில் ஏறும்போது மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி வரும். திரும்பாதே என்று அது சொல்வதாகத்தான் அவளுக்குப் பட்டது. கருத்தையாவிடம் இதையா சொல்ல முடியும்?

முதல் தடவை வந்தபோது, கார்புரேட்டரில் கரிசல் தூசி அடைத்திருப்பதாகக் கருத்தையா சொன்னான். சுத்தம் செய்தால் போதாதா என்று கேட்டதற்கு, கரிசல் தூசி ஒரு தடவை உள்ளே போனால் போனதுதான் என்று சொல்லிப் புதிதாக மாட்டினான். வண்டி இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பாய்ந்தது. இரண்டாவது தடவை, ஆக்சிலேட்டர் கேபிள் வளைந்துவிட்டது என்று அதையும் மாற்றினான். அதற்குப் பிறகு வீட்டுத் தெருமுனை டீக்கடை பெஞ்சில் போய் முட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று அவளுக்கு வழிவிட்டார்கள். கலெக்டர் அம்மாவுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது.

ஒவ்வொரு ரிப்பேர் முடிந்ததும் நந்தகோபால் கால் கழுவிக்கொண்டு வந்து, வண்டிக்குச் சூடம் காட்டி, ஹேண்டிலில் வலக்கைப் பிடிக்குப் பக்கத்தில் சிவப்புக் கயிறு கட்டுவார். வண்டி எடுக்கிற எல்லோருக்கும் கட்டுவார். ஆண்களுக்கு ஒரு சுற்று. வள்ளித்தாயின் வண்டிக்கு முதல் நாளே, "பொம்பளப்பிள்ள வண்டி, ரெண்டு சுத்து கூடப் போடுவோம். நம்ம மனசுக்கு ஒரு தைரியம்" என்று சொல்லி இறுக்கிக் கட்டியவர், ரிப்பேருக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தார். கேபிள் மாற்றியபோது கருத்தையா, முதலாளி கட்டிய கயிற்றை அவிழ்க்க மனமில்லாமல், ஊக்கால் நெகிழ்த்திப் பழைய கேபிளை உருவிப் புதியதை அதற்குள்ளேயே நுழைத்தான். அப்புறம் மறுபடி இறுக்கினான். பில்லில் கடைசி வரி 'பூஜை, இதர' என்று இருக்கும்.

"ஓட்டிப் பாத்துருதேன்" என்று கருத்தையா இப்போது வண்டியில் ஏறினான். ஏஜென்சி வாசலிலிருந்து மெயின் ரோட்டில் நேராகப் போனான். தியேட்டர் முன்னால் வலப்பக்கமாக வட்டமடித்துத் திரும்பி வந்தான். வண்டி வெண்ணெய் மாதிரி வந்து நின்றது.

"எனக்குப் பாயல" என்றான் முதலாளியைப் பார்த்து.

"சாருக்கு?" என்று நந்தகோபால் கேட்டார்.

சார் என்றது வள்ளித்தாயின் கணவர் வன்னியபெருமாளை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். லீவு போட்டுவிட்டு அவளோடு வந்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவரும் ஓட்டிப் பார்த்திருந்தார். ரயில்வே ஸ்டேஷன் வரை போய் வந்து, தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று வீடு வரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்கும் பாயல அண்ணாச்சி. பசு மாதிரி வந்துச்சு."

நந்தகோபால் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டாக்டர்கள் நோயாளியை விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பார்ப்பார்களே, அப்படி வன்னியபெருமாளைப் பார்த்துப் பேசினார்.

"அப்ப வண்டில ஒண்ணும் இல்ல. கைதான். பொம்பளைக் கை. தங்கச்சியக் கொறை சொல்லுதேன்னு நெனைக்கக் கூடாது. இது மெஷினு. இதுக்கு ஒரே நிதானமான கை வேணும். பொம்பளைகளுக்கு மனசு ஒரு நெலையில நிக்காது, அது கையில எறங்கிரும். கையில எறங்குனா கேபிள்ல எறங்கிரும்."

"கம்பெனிலயும் அப்படித்தான் சொன்னாவ" என்றான் கருத்தையா.

"ரெண்டு வழி இருக்கு. ஆக்சிலேட்டர் செட்டு புல்லா மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சு மாத்தணும். தங்கச்சியோட ரெண்டு மாசச் சம்பளம் அதுக்கே போயிரும். இல்லாட்டி, ஒரு மாசம் சார் ஓட்டட்டும். ஆம்பளைக் கைக்கு வண்டி செட்டாயிருச்சுன்னா, அப்புறம் யாரு ஓட்டுனாலும் பாயாது. வெள்ளிக்கெழமைக்குள்ள முடிவு சொல்லுங்க."

தன் மனதைப் பற்றி இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று வள்ளித்தாய் அசந்துபோனாள். அவர் சொன்னதில் பாதியை அவளே தனியாக இருந்து கண்டுபிடித்திருந்தாள். அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. தனக்குள் இருந்த கடல் நினைப்பை ஊக்கால் நெகிழ்த்தி வெளியே எடுத்து, பில் போட்டு, மேஜை மேல் வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வன்னியபெருமாள் அன்று சாயங்காலமே ஒரு கூலிங்கிளாஸ் வாங்கி வந்தார். "கரிசல் தூசி கண்ணுல அடிக்கும்லா" என்றார். கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் என்கிறார்கள். ஒரு மாதம் கழித்து எந்த மெக்கானிக் வந்து இந்த வண்டியை இவர் கையிலிருந்து கழற்றுவான்? அவள் மறுபடி பஸ்ஸுக்கு நிற்பாள். கேட்டால், உனக்குத்தான் பாயுதே என்பார். உண்மையில் அவளுக்குத்தான் பாய்ந்தது.

வியாழக்கிழமை ஒரு மாதர் சங்கத்தில் தையல் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். பங்குனி வெயில். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இன்று ஒன்றுமே நினைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தாள். கடல் ஞாபகம் வந்தபோது பதினாறாம் வாய்பாட்டைச் சொன்னாள். மனசு காலியாக, கை நிதானமாக, வண்டிப்பாதைக்குள் திரும்பினாள்.

வண்டி பாய்ந்தது. பாதையோரத்துக் களத்தில் வத்தலுக்காகக் காயப்போட்டிருந்த மிளகாய் மேல் ஏறி, அதை இரண்டாகப் பிளந்துகொண்டு போய், சாக்குக் குவியலில் முட்டி நின்றது.

காவலுக்கு உட்கார்ந்திருந்த சங்கரம்மாள் தலைத்துணியை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏட்டி, கண்ணு என்ன பொடதிலயா இருக்கு? ரோடு இம்புட்டு அகலம் கெடக்கு, எம் மொளகாதான் ஒனக்கு ரோடாத் தெரிஞ்சுதோ?"

"வேணும்னு செய்யல மதினி. வண்டி பாஞ்சிருச்சு."

"வண்டி பாயுமா? நீ பாய விட்டுருப்ப. இப்பம் ஒத்த மொளகா மண்ணுல கெடக்காம அள்ளிக் குடுத்துட்டுத்தான் போணும்."

மிளகாய் நெடியில் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது. வள்ளித்தாய் வண்டியைச் சாக்குகளிலிருந்து இழுத்து ஸ்டாண்டு போட்டாள். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையில் முந்தானையைப் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, சக்கரத்தடியில் இருந்த மிளகாயை எடுப்பதற்காக இடது கையால் ஹேண்டிலை இடப்பக்கம் தள்ளினாள். வண்டி அலறியது.

"அதை ஏன் திருகுத? காதே கிழியுது" என்றாள் சங்கரம்மாள்.

"நான் திருகலியே."

இரண்டு பேரும் அவளுடைய வலக்கையைப் பார்த்தார்கள். அது முந்தானையோடு அவள் கண்ணருகில் இருந்தது.

வள்ளித்தாய் ஹேண்டிலை நேராக்கினாள். சத்தம் அடங்கியது. வலப்பக்கம் தள்ளினாள். ஒன்றுமில்லை. இடப்பக்கம் தள்ளினாள். அலறல். மறுபடி நேர், மறுபடி இடம். ஊரெல்லாம் இடப்பக்கம். வீட்டுத் தெரு இடப்பக்கம். கருத்தையா வட்டமடித்தது வலப்பக்கம். வன்னியபெருமாள் தெருவுக்குள் திரும்பும் முன்பே வண்டியை அணைத்துவிட்டார்.

குனிந்து பார்த்தாள். நந்தகோபாலின் சிவப்புக் கயிறு ஐந்தாறு சுற்றாகக் கேபிளையும் ஹேண்டில் கம்பியையும் சேர்த்து நெரித்துக்கொண்டிருந்தது. ஹேண்டில் இடப்பக்கம் திரும்பினால் கேபிளுக்கு நீளம் போதவில்லை. விறைத்துக்கொண்டு, கையால் முறுக்கினால் எப்படி இழுபடுமோ அப்படித் தானாகவே இழுபட்டது. சுற்று கூடக் கூட அது ஏன் கூடுதலாகப் பாய்ந்தது என்பதும் புரிந்தது.

தையல் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"சாமிக் கயிறுல்லா, அதைப் போயி வெட்டுதியே" என்றாள் சங்கரம்மாள்.

"முதலாளி கட்டுனதுதான் மதினி. சாமி கட்டல."

"அப்பச் சரி. சீக்கிரம் வெட்டிட்டு வந்து அள்ளு."

கயிறு விழுந்தது. இடப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். வண்டி ஒரே சுருதியில் முணுமுணுத்துக்கொண்டு நின்றது. எவ்வளவு தள்ளினாலும் அதேதான்.

சந்தோஷம்தான். ஆனால் உட்கார்ந்து மிளகாய் பொறுக்கும்போது, கண் எரிந்து வழிகிற நீரில் எது நெடிக்கு, எது வேறெதற்கு என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாளும் தன் மனசை ஒன்று படித்துக்கொண்டிருந்ததாக நம்பியிருந்தாள். அதைக் கண்டு பயந்தாள், உள்ளூர அதில் ஒரு பெருமையும் இருந்தது. வீட்டில் ஒருவரும் படிக்காததை ஒரு மெஷினாவது படிக்கிறதே என்று. இப்போது பார்த்தால் அதற்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. கடலுக்குப் போக வேண்டும் என்று நினைத்தது வெறுமனே அவள்தான். வேறு யார் மேலும் அதைப் போட முடியாது.

வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்கு வன்னியபெருமாள் கூலிங்கிளாஸோடு வந்தார். வள்ளித்தாய் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடப்பக்கம் தள்ளிக் காட்டினாள். பிறகு ஒரு சணல் கயிற்றால் கேபிளைப் பழையபடி கம்பியோடு சேர்த்துக் கட்டித் தள்ளினாள். கடை அதிர அலறியது. சணலை அவிழ்த்தாள். அடங்கியது.

நந்தகோபால்தான் முதலில் வாய் திறந்தார்.

"நான் கட்டுன கயித்த அறுத்தது யாரு?"

"நான்தான்."

"வெள்ளிக்கெழமையா?"

"வியாழக்கெழம."

அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்த மாதிரி இருந்தது.

கருத்தையா வண்டியைச் சுற்றி வந்தான். சான்றிதழை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். "கயிறு ஒரு காரணம்தான், இல்லங்கல" என்றான். "ஆனா மெயின் காரணம் கைதான். யாரும் ஓட்டாம கயிறு மட்டும் இருந்துச்சுன்னா வண்டி பாஞ்சிருக்குமா? பாஞ்சிருக்காதுல்லா."

"என் பழைய கார்புரேட்டர் எங்க தம்பி?" என்று வள்ளித்தாய் கேட்டாள்.

"அது வெளாத்திகுளத்துக்காரர் வண்டில போட்டாச்சு யக்கா. அருமையா ஓடுது."

நந்தகோபால் கனைத்தார். கருத்தையாவுக்கு உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வந்து போய்விட்டான்.

டீ வந்தது. முதலாளி தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, வன்னியபெருமாளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். குரல் கல்யாண வீட்டுக் குரலாக மாறியிருந்தது.

"அண்ணாச்சி, நமக்குள்ள பேசிக்கிடுவோம். மெட்ராஸ் சாமான் வேண்டாம், விட்ருங்க. இனிமே சர்வீசு உங்களுக்கு ப்ரீ. ஒன்றிய ஆபீஸ்ல இன்னும் நாலு சேவிகாம்மா வண்டிக்கு எழுதிக் குடுக்கப் போறாவ. கயிறு, கேபிளுன்னு பேச்சு கெளம்பிச்சுன்னா ஒருத்தியும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டா. வண்டி கைக்குப் பழகாம இருந்துச்சு, வீட்டுக்காரர் ஓட்டிப் பழக்கிக் குடுக்காவன்னு இருந்தாக்க நமக்கும் கவுரவம், உங்களுக்கும் கவுரவம். முன்னால சொன்ன மாதிரியே ஒரு மாசம் நீங்க ஓட்டுங்க."

"அண்ணாச்சி சொல்லுததும் ஒருவகையில சரிதான்" என்றார் வன்னியபெருமாள். கூலிங்கிளாஸைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வள்ளித்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆபீஸும் வீடுமாக இத்தனை வருஷம் சைக்கிள் மிதித்த முகம். கண் வண்டியின் மேலேயே இருந்தது. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். காது நிறையக் காற்று வேண்டும் என்கிற பார்வை. அவருக்கும் நேராகக் கிடக்கிற ரோடு ஒன்று எங்கேயோ இருக்கும். அவரும் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுத்திருப்பாள். ஆனால் அவர் கேட்கவில்லை. அவளுடைய கையைக் குறை சொல்லி, அந்தச் சாக்கில் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். இப்போது குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும்.

பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தே எத்தனையோ விட்டுக்கொடுத்தாயிற்று என்றும் தோன்றியது.

"தங்கச்சி, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று நந்தகோபால் அவள் பக்கம் திரும்பினார். "வண்டிய அவிய கையில குடுங்க. ஆபீஸ்ல யாரும் கேட்டா, கை பழகலன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுதான்."

வன்னியபெருமாள் எழுந்து வந்து ஹேண்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மற்றப் பக்கத்தில் அவள் கை இருந்தது.

"இல்ல அண்ணாச்சி" என்றாள் வள்ளித்தாய். "வண்டி எங்கிட்டயே இருக்கட்டும். யாரும் கேட்டா நடந்ததைச் சொல்லுவேன்."

வன்னியபெருமாள் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கும் வரை அப்படியே நின்றாள்.